கொற்றனின் கை நிற்கவில்லை

நலம் பெருகுக. உப்பும் முத்தும் விளையும் கழிமுக நாட்டின் தலைவி, மூன்று துறைகளுக்கும் உரியவரான அரசி அலர்மேனியார் திருமுன்னுக்கு, வெண்குன்ற வேந்தர் ஆதனெடுங்கோவின் அமைச்சன் பெருஞ்சாத்தன் நெற்றி நிலம் பட வணங்கி விடுக்கும் ஓலை. தங்கள் கழிகளில் நீர் வற்றாதிருக்க. தங்கள் கலங்கள் கரை சேர்க. தங்கள் தம்பியார் இளஞ்சேந்தனாரின் பெயரை எழுதுகையில் எழுத்தாணி வழுக்கிற்று. எழுத்துக் கோணியிருந்தால் பொறுத்தருள்க.

அவர் இறந்த விதத்தைத் தங்கள் தூதர் உரைத்திருப்பார். ஆயினும் அது இந்த அமைச்சனின் வாயிலிருந்தும் வரவேண்டிய செய்தி.

வேந்தரின் முதுகைக் காக்கும் வீரனை நாங்கள் புறக்காவலன் என்போம். கொற்றன் பதினோராண்டு அதற்கென்றே பழகியவன். பயிற்சி ஒன்றே ஒன்றுதான். பின்னாலிருந்து ஒரு கோல் தோளை நோக்கி வரும். திரும்பி வெட்ட வேண்டும். நாளொன்றுக்கு ஆயிரம் முறை. தொடக்கத்தில் அறிவு சொல்லும், கை கேட்கும். மூன்றாம் ஆண்டில் இரண்டும் ஒன்றாய்ப் புறப்படும். அதன்பின் கை முந்திவிடும். அறிவு பிறகு வந்து, நடந்து முடிந்ததைப் பார்த்துக்கொண்டு நிற்கும். உண்ணும்போது வீசிய கோலையும் கொற்றன் திரும்பாமலே துண்டித்த நாளில் வேந்தர் அவனுக்கு வீரக்கழல் அணிவித்தார். “அடே கொற்றா, இனி முதுகு தேய்க்க ஒருத்தியும் வரமாட்டாள், நீ அழுக்கோடேதான் சாகப்போகிறாய்” என்று தோழர்கள் கேலி செய்தனர். அவன் மனைவி எயினியோ அன்றுமுதல் வாசலிலிருந்தே “வருகிறேன், வருகிறேன்” என்று சொல்லிக்கொண்டுதான் அவனருகே செல்வாள்.

நம் இரு நாடுகளின் உடன்படிக்கை நாளில் தங்கள் தம்பியார், நட்புக்கு அடையாளமாகப் போர்த்தும் முதல் பட்டுத் துணியை வேந்தருக்குப் போர்த்தவில்லை. நாள் முழுதும் நின்ற கொற்றனுக்கே போர்த்த விரும்பினார். கொடுப்பவர் முகம் வாங்குபவருக்குத் தெரியலாகாது என்னும் தங்கள் நாட்டு வழக்கப்படி, ஓசையின்றிப் பின்னால் வந்து பட்டை விரித்தார். பட்டு தோளைத் தொட்டது. அவையோர் மூச்சு விடுமுன் அவர் வீழ்ந்து கிடந்தார். கொற்றன் தன் கையிலிருந்த வாளைப் பார்த்து, “இது யாருடைய வாள்?” என்று கேட்டான். நடிப்பென்று எண்ண வேண்டாம். அவனுக்கு உண்மையாகவே தெரியவில்லை.

அவ்வழக்கத்தை இந்த அமைச்சன் முன்பே அறிவான். தாங்கள் விடுத்த நடைமுறை ஓலைகளில் மூன்றாவதில் அது இருந்தது. யானைகளுக்கு என்ன தீனி என்பது வரை காவலருக்கு எடுத்துச் சொன்னவன், ஒரு பட்டுத் துணியை ஒரு பொருட்டாக நினைக்கவில்லை.

தன்னறிவின்றிக் கொல்லும் கை மதயானையை ஒக்கும் என்றும், நாற்பத்தெட்டு நாளுக்குள் அக்கையை நிறுத்திக் காட்டினால் அவனுக்கு உயிர்ப்பிச்சை தருவதாகவும், இல்லையேல் அவனைத் தண்டனைக்கு அனுப்புமாறும் தாங்கள் எழுதினீர்கள். தமக்கையொருத்திக்கு அதைவிடப் பெரிய மனம் இருக்க முடியாது. பழக்கத்தைப் பழக்கத்தாலேயே அழிக்க முயன்றோம். வாளுக்குப் பதில் மூங்கிலைக் கொடுத்து, நாளும் ஆயிரம் முறை பின்னாலிருந்து பட்டைப் போர்த்தினோம். முதல் நாளில் ஏழு மூங்கில்கள் முறிந்தன. இருபதாம் நாளில் கை தயங்கிற்று. முப்பத்தோராம் நாளில் பட்டு அவன் தோளில் அமைதியாகத் தங்கியது, அவன் அதைத் தடவிப் பார்த்து, “இவ்வளவு மெல்லிசா ஐயா இது!” என்றான். அன்று இந்த அமைச்சன் தங்களுக்கொரு மகிழ்ச்சி ஓலையே எழுதத் தொடங்கிவிட்டான்.

உடனிருந்து பார்த்த தங்கள் தூதர் கூர்மையானவர். பட்டு வரப்போகிறது என்று அறிந்தல்லவா அவன் காத்திருக்கிறான், அறியாதபோது போர்த்துங்கள் என்றார். மறுநாள் அவன் சோறுண்கையில் போர்த்தினோம். போர்த்தியவனின் முன்கை முறிந்தது. கொற்றனின் வாயில் இன்னும் சோறு இருந்தது.

கையை வெட்டிவிடுமாறு அவன் தன்னைப் பழக்கிய ஆசானிடம் மன்றாடினான். பழக்கம் கையில் இருந்தால் வெட்டலாம், இடக்கை எஞ்சினால் இடக்கை செய்யும், அதுவும் போனால் பல் செய்யும் என்று சொல்லிவிட்டு ஆசான் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கடைசி நாளில் எயினி பட்டைக் கையில் எடுத்தாள். அவள் வரப்போவது கொற்றனுக்குத் தெரியாது. நாங்கள் தடுத்தோம். “பதினான்கு வருடமாக என்னைத் தெரிந்த உடம்பு, ஐயா. என்னை மட்டும் தெரியாமல் போகுமா?” என்றாள். கழலணிந்த நாளுக்குப்பின் முதன்முறையாகச் சொல்லாமல் அவன் பின்னே சென்றாள். மூங்கில் அவள் நெற்றியில் விழுந்தது. பிழைத்தாள். விழித்ததும் அவனைப் பார்த்து, “தெரியவில்லை, இல்லையா?” என்றாள். கொற்றன் மூங்கிலைத் தூதரின் காலடியில் வைத்து, போகலாம் என்றான்.

பிழை தன்னுடையது, தன்னை அனுப்புக என்று இந்த அமைச்சன் வேந்தரிடம் மூன்று முறை வேண்டினான். அரசி கேட்டது வெட்டிய கையை, படித்தும் சொல்லத் தவறிய வாயை அன்று எனக் கூறி வேந்தர் மறுத்தருளினார். ஆகவே கொற்றன் வருகிறான். கட்டப்படவில்லை, கட்ட வேண்டியதும் இல்லை. மன்னிப்புக் கோர இவ்வோலையில் இடமில்லை.

வேண்டுகோள் ஒன்றுண்டு, அது கொற்றனுடையது. தங்கள் நாட்டில் தண்டனை நிறைவேற்றுபவரும் முகம் காட்டாமல் பின்னாலிருந்தே வருவர் என்று தூதர் வழியே அறிந்தான். “முன்னால் வரச் சொல்லி எழுதுங்கள் ஐயா. அவருக்கும் வீட்டில் யாராவது காத்திருப்பார்கள்” என்றான்.

குன்றும் பிறையும் பொறித்த வேந்தரின் இலச்சினை இதன் மேல் இடப்பட்டது. எல்லைக் காவலர், படகுத் தலைவர், கோட்டை வாயிலோர் யாவரும் இதைக் கொண்டுவருபவனுக்கு வழிவிடுக. கொண்டுவருபவன் கொற்றன். ஓலையை வாங்குபவர் அவன் எதிரே நின்று வாங்குக.