காலண்டர் படத்தில் கரண்டி

ஆவணி, வியாழன்.

பட்டாசுக் கம்பெனி காலண்டருக்காக, அங்கே வேலை செய்யும் பெண்கள் மதியம் புளிச்சோறு சாப்பிடுகிற படம் வரைந்திருந்தேன். எங்கள் அச்சகத்தில் பைண்டிங் செய்யும் மாரியக்கா முன்பு பட்டாசு வேலைக்குப் போனவர். படத்தைப் பார்த்துச் சிரித்தார்.

"வெடிமருந்து கலக்குறவுக கையால திங்க மாட்டாக தம்பி. எம்புட்டுக் கழுவுனாலும் நகத்துல நிக்கும். கரண்டிதான்."

"வீட்டுலயுமாக்கா?"

"பிள்ளைக்கு ஊட்டுனாலும் கரண்டிதான்."

படத்தில் கைகளை அழித்துக் கரண்டிகளை வரைந்தேன். என் அம்மாவும் மருந்து கலக்கியவள்தான். எனக்கு ஒரு வாய்கூடக் கையால் ஊட்டியதில்லை. என்னைப் பிடிக்காது என்றே நினைத்திருந்தேன்.

அவள் வேலையை விட்டு ஒன்பது வருஷமாகிறது. எப்படித்தான் இருக்கும் என்று, இன்று அவள் கையால் ஒரு வாய் கேட்டேன். இரண்டு முறை கை கழுவினாள். நகங்களைப் பார்த்தாள். பிறகு கரண்டியை எடுத்தாள்.