அடிக்கடி வருபவை

மார்ச் 4

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் காதுக்கும் போனுக்கும் ஒத்துவராததால் எழுதுகிறேன். என் வேலை என்னவென்று பக்கத்துக் கடைக்காரர் கேட்டால் இப்படிச் சொல்லுங்கள்: புரதம் என்பது இருபது எழுத்துகளை மாற்றி மாற்றிக் கோத்த நீண்ட வரி. முன்பே தெரிந்த சின்னச் சின்ன வடிவங்கள் அதில் எங்கே இருக்கின்றன என்று கணினியில் தேடுகிறேன். கிடைத்தால், அந்தப் புரதம் என்ன செய்யும் என்று ஊகிக்கலாம்.

ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு கடிதத்திலும் 'எப்போ வர்றே' என்று கேட்காதீர்கள். சொல்லப் பதில் இல்லாமல், கடிதத்தைப் பிரிக்கவே தயக்கமாக இருக்கிறது.

உங்கள் மகள்

மார்ச் 19

என் குட்டிக்கு,

பக்கத்துக் கடைக்காரரிடம் சொன்னேன். "எழுத்துப் பிழை பாக்குற வேலைன்னு சொல்லுங்க" என்றார். ஆமாம் என்றுவிட்டேன். மனுஷன் திருப்தியாகப் போனார். நம் கண்ணாடிக் கடையில் வியாபாரம் சுமார்தான். குளியலறைக் குழாய் சொட்டுவது நின்றது. நீ வேண்டாமென்ற அந்தக் கேள்வியை இனிக் கேட்கமாட்டேன்.

அப்பா

ஜூலை 2

அன்புள்ள அப்பாவுக்கு,

நேற்று எங்கள் ஆய்வகத்தின் தலைவி மேடத்திடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். தேடும் திரையில் ஒரு சின்னக் கட்டம் உண்டு. அதில் டிக் போட்டால், அடிக்கடி வரும் வடிவங்களை மென்பொருள் காட்டாது. டிக்கை எடுக்க மறந்து, 'ஒன்றும் இல்லை' என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

"எங்கே பார்த்தாலும் வர்ற வடிவம்தானேன்னு தள்ளிட்டியாம்மா? சர்க்கரை வந்து ஒட்டுற இடமே அதுதான். அது இல்லேன்னா இந்தப் புரதம் ஒழுங்கா மடங்கக்கூட மடங்காது" என்றார்.

அறைக்கு வந்து, மார்ச்சுக்குப் பின் வந்த உங்கள் கடிதங்களை எல்லாம் எடுத்துப் படித்தேன். கடை இருக்கிறது, குழாய் இருக்கிறது, மழைகூட இருக்கிறது. கேள்வி மட்டும் இல்லை.

ஒருதரம் கேளுங்கள் அப்பா. இப்போது என்னிடம் பதில் இருக்கிறது.

உங்கள் குட்டி

ஜூலை 20

என் குட்டிக்கு,

கேட்கச் சொல்கிறாய். பேனாவை எடுத்தால் கை ஓடவில்லை. பழக்கம் விட்டுப்போயிற்று.

உன்னிடம் ஒன்று சொல்லவேண்டும். நீ வருவாய் என்று உன் அறையைத் தினமும் கூட்டி வைப்பேன். கேட்பதை நிறுத்தியதும் அதுவும் நின்றது. பூட்டியே கிடந்தது. போன மாதம் ஒரு நர்ஸ் பெண்ணுக்கு வாடகைக்கு விட்டேன். அவளைக் காலி செய்யச் சொல்ல மனம் வரவில்லை. நீ வந்தால் என் கட்டிலில் படுத்துக்கொள். நான் கூடத்தில் படுப்பேன். தேதியை மட்டும் முன்கூட்டியே எழுது.

நல்ல பெண். காலையில் என் காதுக்குக் கேட்கும்படி, "போயிட்டு வர்றேன் சார்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டுப் போவாள்.

சாயங்காலம் வந்துவிடுகிறாள்.

அப்பா