அழிய மறுத்த டிஸ்க்

வெள்ளிக்கிழமை, இரவு

இன்று நடந்ததை ஒளிக்காமல் எழுதுகிறேன். வீராம்பட்டினத்துக்காரர் ஒருவரைக் காதலித்து வீட்டைவிட்டுப் போன அக்காவின் மஞ்சள் நீராட்டு வீடியோ இருக்கும் ஹார்ட் டிஸ்கை ஃபார்மேட் செய்து முழுதாக அழிக்கச் சொன்னார் அப்பா. எத்தனை முறை முயன்றும் டிஸ்க் பயன்பாட்டில் இருப்பதாகவே வந்தது. தேடினால், அந்த வீடியோ திரையின் அடியில் சுருக்கி வைக்கப்பட்டுத் திறந்தே கிடந்தது. மதியம் அம்மா மட்டும்தான் வீட்டில் இருந்தாள்.

"இன்னாம்மா, கம்ப்யூட்டர்ல நூத்துக்கு நூறுன்னு பீத்திக்கின, இதுகூட ஆவலியா?" என்று என்னைக் கேட்டார் அப்பா.

"கெட்டுப்போச்சுன்னு சொல்லுடி," என்று அம்மா என் காதருகே கெஞ்சினாள். சொல்லிவிட்டேன்.

"அப்ப காலைல சுத்தியால ஒடைச்சிடலாம்."

அப்பா டிஸ்கைக் கழற்றித் தன் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார். இனி உண்மையைச் சொன்னாலும் அழியும், சொல்லாவிட்டாலும் அழியும். அம்மா என் முகத்தைப் பார்க்காமல் வந்து விளக்கை அணைத்துவிட்டாள்.