பேண்டேஜ் துணியில் ஒரு பாடம்

ராஜபாளையம், ஜூலை 1991, ஞாயிறு

இந்த வாரமும் பிள்ளைகள் பாதியில் ஓடினால் நான் நடத்தும் ஓய்வுநாள் பள்ளி வகுப்பை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவதாகப் போதகர் சொல்லியிருந்தார். வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்குக் கட்டுப் போட்ட நல்ல சமாரியன் கதையை நடித்துக் காட்ட என் கடைச் சரக்கான பேண்டேஜ் துணியையே எடுத்துப் போனேன். அடிபட்டவனாகப் படுக்க எல்லாருக்கும் ஆசை. கட்டுப் போடத்தான் ஆளில்லை. நான் இதை யோசிக்கவே இல்லை. கடைசியில் நானே தரையில் படுத்தேன். பதினோரு பேரும் தலைமுதல் கால்வரை சுற்றிவிட்டார்கள்.

எட்டிப் பார்த்த போதகர், "என்ன அண்ணாச்சி, கல்லறையில துணி சுத்தி வச்ச லாசரு மாதிரி கெடக்கீக?" என்றார்.

மணியடித்தும் ஒரு பிள்ளை நகரவில்லை. வகுப்பில் வாயே திறக்காத எஸ்தர் என் முழங்காலைத் தொட்டு, "ரொம்ப வலிக்கா மாமா?" என்றாள்.

"ஆமா தாயி" என்றேன். குனிந்து ஊதிவிட்டாள்.

போதகர் வாசலில் பார்த்துக்கொண்டே நின்றார். எட்டாவது வரைதான் படித்தவன் நான். ஆனாலும் வகுப்பு இனி என்னுடையதுதான்.