ஐம்பத்து நான்கும் பன்னிரண்டும்

மார்ச் 4
பழக்கதோஷம். இன்றும் கரடியாய்க் கத்திவிட்டேன். ஊரில் ஐம்பத்து நான்கு பிள்ளைகளைக் கட்டி மேய்த்த தொண்டை. கடல் தாண்டி வந்த இந்தப் பள்ளியில் பன்னிரண்டே பேர். முன்வரிசைப் பையன் காதைப் பொத்திக்கொண்டான். பக்கத்து வகுப்பு டீச்சர் எட்டிப் பார்த்து, "தீப்பிடிச்சிருச்சோன்னு ஓடி வந்தேன்" என்றார். சிரித்து வைத்தேன். வீட்டுக்கு வந்து அழுதேன்.

மார்ச் 6
அக்காவிடம் பேசினேன். அங்கே பள்ளி நேரம். நான் விட்டுவந்த வகுப்பு இப்போது அவளிடம்தான். "உனக்கென்னடி, பன்னெண்டு பேர். காலாட்டிக்கிட்டுப் பாடம் நடத்தலாம்" என்றாள். பின்னால் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லும் இரைச்சல். போனை வைக்கவே மனமில்லை. வைத்ததும் டிவியைப் போட்டேன். பாதி புரியாத பாஷைதான். மனிதக் குரல் கேட்டால் போதும்.

மார்ச் 11
ஜன்னலோரம் உட்காரும் பெண்ணை ஆங்கிலப் பாடம் வாசிக்கச் சொன்னேன். முதல் எழுத்திலேயே நின்றுவிட்டாள். திக்குவாய். மற்ற பதினொரு பேரும் அவளையே பார்த்தார்கள். ஐம்பத்து நான்கு பேரில் ஒளிந்துகொள்ளலாம். இங்கே எங்கே ஒளிவது? ஸ்டாஃப் ரூமில் இவர்கள் பாஷையில் வாய் திறக்கும்போது எனக்கும் அதே பாடுதானே.

மார்ச் 14
பெற்றோர் கூட்டத்தில் நான் பேச வேண்டுமாம்! பல நாட்டுத் தொடக்கப் பள்ளிகளில் வகுப்புக்கு எத்தனை பிள்ளைகள் என்று ஒப்பிட்டு. "ரெண்டையும் பார்த்தவங்க நீங்கதானே" என்கிறார் தலைமையாசிரியை. அடுத்த வருடம் என்னை வைத்துக்கொள்வதா, அனுப்புவதா என்பதும் அதற்குப் பிறகுதான் முடிவாகும். இவர்கள் பாஷையில் நான் பேசி — விளங்கின மாதிரிதான்.

மார்ச் 18
அட்டையில் நாட்டுக்கொரு பட்டையாக வரைந்தாயிற்று. எங்கள் ஊர்ப் பட்டைதான் எல்லாவற்றையும்விட உயரம். "ஐயோ பாவம், அந்தப் பிள்ளைங்க" என்றார் பக்கத்து வகுப்பு டீச்சர். பாவம்தான். ஆனாலும் சுருக்கென்றது. அந்தப் பட்டைக்குள் நானும் இருந்தேனே.

மார்ச் 20
இங்கே தனித்தனியாகத்தான் வாசிக்க வைப்பார்கள். இன்று வேண்டுமென்றே ஊர் வழக்கப்படி, "எல்லாரும் என்கூடச் சேர்ந்து வாசிங்க" என்றேன். ஜன்னலோரப் பெண்ணின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். திக்கவில்லை! ஒரு பக்கம் முழுக்கத் திக்கவே இல்லை!
அக்காவிடம் சொன்னேன். "அப்போ நம்ம கிளாஸ்ல எத்தனை பேருக்குத் திக்குச்சோ, யாருக்குத் தெரியும்" என்றாள்.

மார்ச் 21
மறுபடியும் சேர்ந்து வாசித்தோம். தலைமையாசிரியை கதவருகே நின்று பார்த்தார். நோட்டில் எதையோ குறித்துக்கொண்டு போனார். போச்சு.

மார்ச் 27
கூட்டம். அட்டையைத் தூக்கிப் பிடித்தேன். முதல் வரி வரவில்லை. யாரோ இருமினார்கள். ஜன்னலோரப் பெண் அம்மா மடியிலிருந்து இறங்கி வந்தாள். அட்டையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள்.
"டீ... டீச்சர், சே... சேர்ந்து வாசிக்கலாமா?"
வாசித்தோம். ஒவ்வொரு நாடாக, எங்கள் ஊர்ப் பட்டை வரைக்கும். இருவருக்குமே திக்கவில்லை.

மார்ச் 29
ஸ்டாஃப் ரூமில் பக்கத்து வகுப்பு டீச்சர் என் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "ஹெச்.எம். மேடம் சரின்னுட்டாங்க. அடுத்த வருஷம் வாசிப்பு நேரத்துக்கு என் பன்னெண்டு பிள்ளைங்களையும் உங்க ரூமுக்கு அனுப்புறேன். சத்தத்துக்கு மட்டும் குறை வைக்காதீங்க."
அடுத்த வருடம்!
சாயங்காலம் எல்லாரும் போன பிறகு, இன்னும் பன்னிரண்டு நாற்காலி போட இடம் இருக்கிறதா என்று வகுப்பறையை அளந்து பார்த்தேன்.