பிளகின் போட்டுக் கல்யாணம் பார்த்தேன்

சேவியரு,

அந்தோனியார் மேல் ஆணையாக, இதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை.

நீ லினக்ஸ் ஏற்றிவைத்த கம்ப்யூட்டரில் வீடியோ ஓட ஏதோ பிளகின் வேண்டும் என்றாயே, காலையில் நானே போட்டுவிட்டேன். கறுப்புத் திரை பாஸ்வேர்டு கேட்டது. அடித்தேன், ஒரு புள்ளிகூட விழவில்லை. கீபோர்டு செத்துவிட்டதென்று எழுந்தேன். "அது அப்படித்தானுங்க பெரியவரே, தைரியமா அடிங்க" என்றது கம்ப்யூட்டர்.

அடித்தேன். உன் தங்கச்சி ஜெனிட்டாவின் கல்யாணப் பூசை நேரலையில் வந்தது. தூபப் புகை திரையைத் தாண்டி வந்து எனக்கு ஒரே இருமல். சாமியார் பூசையை நிறுத்தி, "பொண்ணோட அப்பா ஏனுங்க வரல?" என்றார்.

"மாப்பிள்ளை நம்ம சாதி இல்லியாம், போனா ஊட்டுக்குள்ள வராதேன்னுட்டான் மகன்" என்றேன். கோயிலே திரும்பி என்னைப் பார்த்தது. ஜெனிட்டா மட்டும் கையாட்டினாள்.

குழம்பு அடுப்பில் இருக்கிறது. சாவி மீட்டர் பெட்டிக்குள். நான் ஓமலூர் பஸ் ஏறுகிறேன், அவள் மாமியார் வீட்டுக்கு.

தயிர் வாங்கவில்லை. எல்லாம் தெரிந்தவனுக்குக் கடை தெரியாதா?

பி.கு.: அந்தப் பாஸ்வேர்டை நீ இன்றுவரை எனக்குச் சொல்லவில்லை. நான் அடித்தது என்னவென்று அந்தோனியாரைக் கேள்.