உன் அம்மா எஸ்.பி.எம். எழுதிய கதை

மந்தின், மலேசியா
வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பிறகு

அன்பு மகள் ஜாஹிதாவுக்கு அத்தா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாவின் கிருபையால் இங்கே நானும் உன் அம்மாவும் நம் சாப்பாட்டுக் கடையும் சுகம், என் இடது முழங்கால் மட்டும் சுகமில்லை. அங்கே நியூசிலாந்து டனீடனில் நீயும் உன் மருந்துக்கடை வேலையும் அந்தப் பாழாய்ப்போன குளிரும் எப்படி இருக்கிறீர்கள் என்று தெரிந்தால் மனசு நிறையும். கையில் போன் இருக்கும்போது அத்தா எதற்குக் காகிதத்தைத் தேடி லோபாக் கடைத்தெரு வரை போனார் என்று நினைப்பாய். என் போனை என்னைவிட உன் அம்மாதான் அதிகமாகப் பார்க்கிறாள், இதுவோ பிள்ளையிடம் சொல்லவே கூடாது என்று அவள் என்னிடம் சத்தியம் வாங்கிய விஷயம். சொல்லக் கூடாது என்றுதான் சத்தியம், எழுதக் கூடாது என்று அவள் கேட்கவில்லை, அதனால் எழுதுகிறேன்.

பதினேழு வயதுப் பிள்ளைகள் பள்ளி முடிக்கும்போது எழுதுகிற எஸ்.பி.எம். ஆங்கிலப் பரீட்சையை உன் அம்மா எழுதிவிட்டாள். ஐம்பத்து மூன்று வயதில், தனித்தேர்வராக. சிரிக்காதே, நான் முதலில் சிரித்து இரண்டு நாள் ஆறின சோறு சாப்பிட்டேன். போன வருஷத்திலிருந்து நம் கடைக்குப் பின்னால் இருக்கிற எஸ்டேட் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் எட்டுப் பேர் சனிக்கிழமை காலையில் நம் கடையில் வந்து ஆங்கிலம் படிக்கிறார்கள், அதுதான் தொடக்கம். வட்டாரத்தில் ஆங்கிலப் பேப்பர் வாங்குகிறவன் நான் ஒருவன்தான் என்பதால் என்னைத்தான் வாத்தியாராகக் கேட்டார்கள். நான் பந்து விளையாட்டுப் பக்கத்தை மட்டும்தான் படிக்கிறேன் என்பதை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஒரு வார்த்தையை இருபது தடவை எழுதுங்கள் என்றேன், பத்தாவது தடவையிலேயே பிள்ளைகள் ரொட்டி சானாய் கேட்டார்கள், ஒரு வார்த்தையும் தலையில் நிற்கவில்லை. அப்போதுதான் உன் அம்மா கல்லாவிலிருந்து சொன்னாள், இதே பிள்ளைகள் ‘தே ஓ ஐஸ் லீமாவ் கூராங் மானிஸ்’ என்று ஒரே மூச்சில் ஆர்டர் கொடுக்கிறார்களே, ஒரு துண்டாவது தப்புகிறதா, துண்டு துண்டாகத் தெரிந்திருப்பதால்தானே, வார்த்தையையும் அப்படியே கொடுத்தால் என்ன என்று. அன்றைக்குச் சாக்கட்டி என் கையை விட்டுப் போனது போனதுதான்.

தே என்றால் தேத்தண்ணீர், ஓ என்றால் பாலில்லை, இரண்டும் சீனர்கள் கொண்டு வந்தது, ஐஸ் வெள்ளைக்காரன் கொடுத்தது, லீமாவ் என்கிற எலுமிச்சையும் கூராங் மானிஸ் என்கிற குறைந்த இனிப்பும் இந்த மண்ணில் இருந்தது, ஒரு கிளாசுக்குள் இத்தனை பேர் குடியிருக்கிறார்கள் பார் என்று ஆரம்பித்தாள். ஆங்கில வார்த்தையின் வாலில் ‘லெஸ்’ வந்தால் கோசோங், ஒன்றுமில்லை. தலையில் ‘ரீ’ வந்தால் தம்பா, இன்னொரு தடவை. ‘மிஸ்’ வந்தால் தப்பான ஆர்டர். டெலஸ்கோப்பையும் மைக்ரோஸ்கோப்பையும் பார்த்துப் பயந்த பிள்ளைகளிடம், பள்ளியில் தொலைநோக்கி நுண்ணோக்கி என்று படித்தீர்களே, தொலை அங்கே டெலி, நுண் அங்கே மைக்ரோ, நோக்கி ஸ்கோப், அவ்வளவுதான் என்றாள். பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள். அதில் ரோகினி என்று ஒரு வாண்டு, பேரப்பிள்ளைகளை மோட்டார் சைக்கிளில் ஏற்றி வருகிற, எஸ்டேட்டில் ஆட்களை வேலை வாங்கின நம் பழைய மண்டோர் மாயாண்டியைக் காட்டி ஹேர்லெஸ், முடி கோசோங் என்று எழுதிக் காட்டியது, ஓர் எழுத்துப் பிழையில்லை. மாயாண்டி அதைப் பொறுத்துக்கொண்டார். மலாய்க்காரர்களின் கட்டிலும் பெட்டியும் கடையும் கப்பலும் நம்மிடமிருந்து போன வார்த்தைகள் என்று உன் அம்மா சொன்னபோது, தன் தாத்தாதான் தலையில் சுமந்து வந்து இறக்கியது போல மூன்று நாள் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். நான்காம் நாள், மண்டோர் என்ற வார்த்தை போர்ச்சுகீசியர்களுடையது என்று தெரிந்ததும் பாதித் தேத்தண்ணீரை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். ஒரு வாரம் வரவில்லை.

இதைக் கேள்விப்பட்ட தலைமையாசிரியர் பள்ளிக்கே வந்து வாரம் இரண்டு மதியம் சொல்லிக்கொடுங்கள் என்று உன் அம்மாவைக் கேட்டார். அவள் முடியாது என்றுவிட்டாள். ஆறாம் வகுப்போடு தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ள நிறுத்தப்பட்டவள், எந்த முகத்தோடு கரும்பலகை முன்னால் நிற்பேன் என்று கேட்டாள். முப்பது வருஷம் கூட இருந்தும் அந்த வருத்தம் அவளுக்குள் இருப்பது எனக்குத் தெரியாது, வெட்கமாக இருந்தது ஜாஹிதா. அதற்குத்தான் இந்தப் பரீட்சை. தேறினால் பள்ளிக்குப் போவாள், தேறாவிட்டால் சனிக்கிழமை வகுப்பையும் மூடிவிட்டு அந்தப் பிள்ளைகள் முன்னால் நிற்கவே மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். சொன்னால் செய்கிற பெண் என்று உனக்கே தெரியும்.

பரீட்சை சிரம்பானில் ஒரு பள்ளியில். நானும் மாயாண்டியும் மண்டபத்துக்கு வெளியே சன்னலோரம் சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். கட்டுரை எழுதுகிற நேரம், உள்ளே ஊசி விழுந்தால் கேட்கும். உன் அம்மாவுக்கு ஒரு பெரிய வார்த்தை தேவைப்பட்டிருக்கிறது, கண்ணை மூடித் துண்டு போட்டிருக்கிறாள். முப்பது வருஷம் கல்லாவிலிருந்து அடுப்பைப் பார்த்து ஆர்டர் கூவின தொண்டை, அவளையும் கேட்காமல் திறந்துகொண்டது. “இர்! ரீ! ப்ளேஸ்! ஏபல்! சத்து!” என்று, ஆர்டரின் கடைசியில் சொல்கிற ‘ஒன்று’ என்ற மலாய் வார்த்தையையும் சேர்த்து, மண்டபமே அதிரக் கூவிவிட்டாள். அது அவள் தப்பு. முப்பது வருஷம் அந்தக் கூவலுக்குத் தயார் என்று மலாயில் பதில் சொன்னவன் நான், முழங்காலையும் மறந்து எழுந்து நின்று “சியாப்!” என்று கத்தினேன். அது என் தப்பு.

மேற்பார்வை பார்த்த டீச்சரம்மா ஓடிவந்தார். வெளியிலிருந்து விடை சொல்லிக் கொடுக்கிறான் என்று என்னை ஓர் அறைக்குக் கூட்டிப் போனார்கள். உன் அம்மாவின் தாளை எடுத்துவிடுவார்களோ என்று பயந்தேன், அவள் படித்த ஒரு வருஷத்தை ஒரு சத்தத்தில் கெடுத்துவிட்டேனே என்று அழுகையே வந்துவிட்டது. ஆர்டர், சியாப், இது கடைப் பழக்கம் என்று விளக்கினேன், நம்பவில்லை. அப்படியென்றால் இர்ரீப்ளேஸபல் என்ற அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம், சொல்லுங்கள் என்றார். நானும் உன் அம்மா முறைப்படியே துண்டு போட்டேன். இர் இல்லை, ரீ மறுபடி, ப்ளேஸ் இடம், ஏபல் முடியும், ஆக மொத்தம், கடையில் கூட்டம், இன்னும் யாரையும் உட்காரவைக்க இடமில்லை என்றேன். டீச்சரம்மா மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தார், தோள் குலுங்கியது. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு அறிக்கையில் எழுதினார், இவருடைய ஆங்கிலம் யாருக்கும் எந்த வகையிலும் உதவக்கூடியது அல்ல என்று. கீழே என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார், சந்தோஷமாகப் போட்டேன். மாயாண்டி சாட்சிக் கையெழுத்துப் போட்டார், அதுவும் சந்தோஷமாக. உன் அம்மா கடைசி வரை எழுதிவிட்டுத்தான் வெளியே வந்தாள், ஆனால் காரில் வீடு வரும் வரை முகத்தைச் சன்னல் பக்கமே வைத்திருந்தாள், என்மேல் கோபம் என்று நினைத்துக்கொண்டேன்.

அதன்பிறகு நான் வாயை மூடிக்கொண்டேன். அவள் கூவினால் பதில் சொல்லாமல் தே தாரிக்கை நுரைவர இழுத்து ஆற்றிச் சத்தமில்லாமல் கொண்டுவந்து வைத்தேன். இன்றோடு நான்கு நாள். இன்று காலை கடை நிறைந்திருந்த நேரத்தில் ஒரே ஆர்டரை மூன்று தடவை கூவிப் பார்த்தாள், நான் தலையை மட்டும் ஆட்டினேன். கல்லாவை விட்டு இறங்கி அடுப்புப் பக்கம் வந்துவிட்டாள். அவள் பேசியதை அப்படியே எழுதுகிறேன். “என்னங்க இது, செவுத்துகிட்ட பேசுற மாதிரி இருக்குலா. அன்னைக்கு அந்த வார்த்தைய சந்தேகமா இருக்கேன்னு விட்டுடலாம்னு பேனாவ வெச்சிட்டேன். நீங்க சியாப்னு சொன்னதும் சரின்னு பட்டுச்சி, அப்படியே எழுதிட்டேன்.” அறிக்கையில் நான் போட்ட கையெழுத்து பொய்க் கையெழுத்தாகிவிட்டது மகளே, அல்லா என்னை மன்னிக்கட்டும், எனக்கு இத்தனை சந்தோஷம் வந்து நெடுநாளாகிறது.

ஞாயிற்றுக்கிழமை போனில் பேசும்போது உனக்கு எதுவும் தெரியாதது போலவே இரு, பரீட்சை என்ற வார்த்தையையே எடுக்காதே. முடிவு வர இன்னும் மூன்று மாதம் இருக்கிறது, உன் அம்மாவுக்காக துஆ செய். உன்னை அல்லா நோய்நொடியில்லாமல் வைத்து, உன் வேலையில் பரக்கத்தும் நல்ல மனிதர்களின் துணையும் தரட்டும். காலையில் வெறும் வயிற்றோடு ஓடாதே, கழுத்தில் துணி சுற்றிக்கொள்.

இப்படிக்கு,
யாருக்கும் எந்த வகையிலும் உதவாத ஆங்கிலம் தெரிந்த
உன் அத்தா, அப்துல் மஜீத்